எண் யாரைச் சுட்டுகிறது?

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு ஏ-லெவல் தேர்வு நடக்கவில்லை. முடிவுகள் மட்டும் வெளிவந்தன. நம் பிளஸ் டூவுக்கு நிகரான இந்தத் தேர்வின் கிரேடுதான் யார் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவார் என்பதைத் தீர்மானிக்கும். கொரோனாவை முன்னிட்டு மார்ச் மாதமே தேர்வு ரத்தாகிவிட்டது. எழுதாத தேர்வுக்குக் கிரேடு போடும் பொறுப்பு ஆஃப்குவால் என்னும் ஒழுங்காற்று அமைப்பின் தலையில் விழுந்தது. அது ஆசிரியர்களிடம் இரண்டு விவரங்களைக் கேட்டது. தேர்வு நடந்திருந்தால் ஒவ்வொருவரும் என்ன கிரேடு வாங்கியிருப்பார் என்ற மதிப்பீடு ஒன்று. ஒவ்வொரு பாடத்திலும் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை நிறுத்திய வரிசை மற்றொன்று. இருவரைச் சமமாக வைக்க அனுமதியில்லை. ஒரு கல்லூரியில் கணிதத்துக்கு இருநூறு பேர் இருந்தால் 1 முதல் 200 வரை எண்ணிட்டாக வேண்டும்.

ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளியானபோது ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளில் சுமார் 39 சதவீதம் கீழே இறக்கப்பட்டிருந்தன. பெரும்பாலும் ஒரு படி; சுமார் 3 சதவீதம் இரண்டு படி. குறிப்பிட்ட கிரேடு வந்தால் இடம் உண்டு என்று பல்கலைக்கழகங்கள் முன்பே வாக்களித்திருந்ததால் ஒரு படி இறங்கினாலே இடம் கைநழுவும். மூன்று நாள் கழித்து லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்ட பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கல்வி அமைச்சரைத் திட்டியதோடு நிற்கவில்லை; அல்காரிதத்தையும் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒரு கணக்கீட்டு முறையை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வருவது அடிக்கடி காணும் காட்சி அல்ல.

அந்த அல்காரிதத்தில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு பள்ளியில் ஒரு பாடத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் ஏ-ஸ்டார், எத்தனை பேர் ஏ, எத்தனை பேர் பி என்று பார்க்கும். இப்போதைய மாணவர்கள், பத்தாம் வகுப்புக்கு நிகரான ஜிசிஎஸ்இ தேர்வில் முந்தைய ஆண்டு மாணவர்களைவிடக் கூடுதலாக எடுத்தார்களா, குறைவாக எடுத்தார்களா என்பதை வைத்து அந்த விகிதத்தைச் சற்று மாற்றும். அதன்படி இந்தப் பள்ளிக்கு இத்தனை ஏ, இத்தனை பி என்று ஒதுக்கும். பிறகு ஆசிரியர் தந்த வரிசையை எடுத்து மேலிருந்து நிரப்பிக்கொண்டே வரும். ஓரளவு பெரிய வகுப்புகளில் ஆசிரியர் போட்ட கிரேடு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவர் கொடுத்த வரிசை மட்டுமே சேர்ந்தது.

ஆகவே, மூன்று ஆண்டுகளாக ஒருவரும் ஏ-ஸ்டார் வாங்காத பள்ளியில் முதலிடத்தில் இருக்கும் மாணவிக்கு அது கிடைப்பது ஏறத்தாழ முடியாத காரியம். அவள் எவ்வளவு படித்தாள் என்ற கேள்வியே எழவில்லை. அதேபோல, ஆண்டுதோறும் ஓரிருவர் தோற்றுக்கொண்டிருந்த பள்ளியில் இந்த ஆண்டும் யாராவது தோற்றாக வேண்டும். வரிசையின் கடைசியில் நின்றவர், எழுதாத தேர்வில் தோற்றார்.

மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் புள்ளியியல் செல்லாது என்று ஆஃப்குவால் சரியாகவே உணர்ந்திருந்தது. ஐந்து பேர்வரை உள்ள வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீடே ஏற்கப்பட்டது. பதினைந்து பேர்வரை இரண்டையும் கலந்த கணக்கு. லத்தீனுக்கோ இசைக்கோ நான்கு பேரை வைத்து வகுப்பு நடத்த யாரால் முடியும்? பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளால். தனியார் பள்ளிகளில் ஏ, ஏ-ஸ்டார் வாங்கியோர் விகிதம் முந்தைய ஆண்டைவிட 4.7 புள்ளி உயர்ந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளில் சுமார் 2 புள்ளி. பெரிய வகுப்புகளைக் கொண்ட சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளில் 0.3 புள்ளி. யாரும் சதி செய்யவில்லை. வகுப்பின் அளவு என்ற அப்பாவித் தரவு, வர்க்கத்தையும் தன்னோடு அழைத்து வந்துவிட்டது.

ஆஃப்குவாலைக் கேலிசெய்வது சுலபம். அதன் தரப்பிலும் நியாயம் இருந்தது. 2019இல் நான்கில் ஒரு கிரேடுதான் ஏ அல்லது ஏ-ஸ்டார். ஆசிரியர்களின் மதிப்பீட்டை அப்படியே ஏற்றால் அது 38 சதவீதத்தை நெருங்கியது. தம் பிள்ளைகளுக்கு நல்லது நினைக்கும் ஆசிரியர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கறாராகப் போட்ட ஆசிரியரின் மாணவர் அங்கே ஏமாந்துபோவார். முடிவு வெளியான அன்றே முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையில் தன் முறையை ஆஃப்குவால் விளக்கியது. பால், இனம், வறுமை எனப் பிரித்துச் சராசரிகளையும் சரிபார்த்திருந்தது.

சிக்கல் அந்தச் சரிபார்ப்பில்தான் இருக்கிறது. முறையை 2019ஆம் ஆண்டின் தரவில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டுக்கு ஆசிரியர்கள் தந்த வரிசை கிடையாது என்பதால் உண்மையான தேர்வு மதிப்பெண்ணிலிருந்தே வரிசையைச் செய்துகொண்டார்கள். விடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதற்கு இது கிட்டத்தட்டச் சமம். அப்படியும் பல பாடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கிரேடுகள் பிசகின. ஏப்ரலில் ராயல் புள்ளியியல் கழகம் தன் நிபுணர்கள் இருவரைத் தர முன்வந்திருந்தது. ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னது ஆஃப்குவால். போட்டால் பின்னர் வெளிப்படையாகப் பேச முடியாது என்று கழகம் விலகிக்கொண்டது. வெளியார் இருவர் மேசையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. கேள்வி கேட்கக்கூடியவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யப்பட்ட கணக்கு அது என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டை ஏற்றது. ஸ்காட்லாந்தில் ஒரு வாரம் முன்பே இதே கதை நடந்து முடிந்திருந்தது. அங்கே 'ஹையர்' தேர்வில் மிக வறிய பகுதிகளின் தேர்ச்சி விகிதம் ஆசிரியர் மதிப்பீட்டிலிருந்து 15.2 புள்ளி இறங்கியது; மிக வசதியான பகுதிகளில் 6.9 புள்ளி. பிரதமர் போரிஸ் ஜான்சன் அந்த மாத இறுதியில் ஒரு பள்ளியில் பேசும்போது திரிபடைந்த அல்காரிதம் ஒன்றின் மேல் பழியைப் போட்டார். எந்தத் திரிபும் இல்லை. இந்த ஆண்டின் முடிவு கடந்த ஆண்டுகளைப் போலவே இருக்க வேண்டும் என்று கொடுத்த உத்தரவை அது எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது.

கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் தரவைக் கையாளும் அறம் பற்றிய விவாதங்களில் தனியுரிமை, துல்லியம், பாரபட்சம் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றும் தேவையானவைதான். ஆனால் 2020இன் இங்கிலாந்தில் யாருடைய ரகசியமும் கசியவில்லை. மூன்று ஆண்டு முடிவுகளும் பொய்யில்லை. அந்தத் தரவு எதைப் பற்றிப் பேசியது என்று பார்த்தால்தான் பிழை தெரிகிறது. ஆசிரியர் நிலைக்காத பள்ளி, ஆய்வகம் இல்லாத பள்ளி, பெற்றோருக்கு வேலையில்லாத ஊர் ஆகியவற்றைப் பற்றியே அது பேசியது. பள்ளியைப் பற்றிய உண்மையை எடுத்து ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே எழுதினார்கள். ஓர் எண் யாரைப் பற்றிய செய்தி, அது யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்வியை முதலில் கேட்காமல் மற்ற மூன்றையும் பேசுவது வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓராண்டு கழித்து இந்தியாவிலும் அதே நெருக்கடி வந்தது. 2021இல் சிபிஎஸ்இ தன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 30, பதினொன்றிலிருந்து 30, பன்னிரண்டிலிருந்து 40 என்று விகிதம் வகுத்தது. கூடவே, கடைசி மூன்று ஆண்டுகளில் பள்ளி எடுத்த சிறந்த சராசரியை ஓர் அளவுகோலாக வைத்து, பள்ளி தரும் மதிப்பெண் அதிலிருந்து அதிகம் விலகக் கூடாது என்றும் விதித்தது. லண்டனின் பாடம் டெல்லிக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது என்று தோன்றுகிறது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 50, 20, 30 என்று பங்கிட்டார்கள். மூன்றும் அந்த மாணவர் முன்பு எழுதியவை, செய்தவை. இதிலும் ஓட்டைகள் உண்டு. அகமதிப்பீட்டில் வாரி வழங்கும் பள்ளியும் உண்டு, கையைப் பிடித்துக்கொள்ளும் பள்ளியும் உண்டு. இருந்தாலும் அண்ணன் தோற்ற பள்ளி என்பதற்காகத் தங்கைக்குக் குறையவில்லை.

வேலைவாய்ப்புக்கு வருவோம். இங்கே வியன்னாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஆஸ்திரியாவின் அரசு வேலைவாய்ப்புச் சேவையை ஏஎம்எஸ் என்பார்கள். வேலை இழந்தவர் பதிவு செய்துகொள்ளும் இடம். உதவித்தொகை, பயிற்சி, ஆலோசனை எல்லாம் அதன் வழியாகத்தான். பதிவு செய்தவர்களைக் கணினிக் கணக்கால் மூன்று குழுக்களாகப் பிரிக்கப் போவதாக 2018இல் ஏஎம்எஸ் அறிவித்தது. அடுத்த ஏழு மாதங்களில் குறைந்தது 90 நாள் வேலையில் இருக்கும் வாய்ப்பு 66 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்கள் முதல் குழு. அவர்களுக்கு உதவி அதிகம் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளில் 180 நாள் வேலை கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதத்துக்கும் கீழே உள்ளவர்கள் கடைசிக் குழு. அவர்களை வேறுவகை ஆதரவு மையங்களுக்கு அனுப்பலாம். செலவு பிடிக்கும் பயிற்சிகள் நடுக் குழுவுக்கு. போட்ட பணத்துக்கு அங்கேதான் பலன் அதிகம் என்பது தர்க்கம்.

சூத்திரத்தின் ஒரு மாதிரி வடிவம் வெளியிடப்பட்டது. அதைப் பாராட்ட வேண்டும். வெளியிட்டதால்தான் விவாதமே நடந்தது. அதில் பெண் என்றால் 0.14 கழியும். வயது ஐம்பதைத் தொட்டால் 0.70. உடல்நலக் குறைபாடு இருந்தால் 0.67. குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு இருந்தால் 0.15. இந்தக் கடைசிக் கழிவு பெண்களுக்கு மட்டும். அதே பொறுப்பைச் சுமக்கும் ஆணுக்குக் கிடையாது. இவை சதவீதங்கள் அல்ல, ஒரு வாய்ப்புக் கணக்கின் எடைகள். கூட்டிப் பார்த்தால் யார் எந்தக் குழுவின் பக்கம் சாய்வார் என்று தெரிந்துவிடும்.

எதிர்ப்பு எழுந்தபோது ஏஎம்எஸ் தந்த பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த எடைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வேலைச் சந்தை அப்படி இருக்கிறது, நாங்கள் அளந்தோம் என்றார்கள். உண்மைதான். குழந்தை வளர்க்கும் பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளிகள் தயங்குகிறார்கள். அப்பாவான ஆணிடம் அந்தத் தயக்கம் இல்லை. சூத்திரம் அதைச் சுத்தமாகப் பிடித்துவிட்டது. அப்படியானால் அந்த 0.15 யாரைப் பற்றிய எண்? முதலாளிகளையும், குழந்தைக் காப்பகம் போதாத ஊர்களையும் பற்றியது. அதே எண்ணை எடுத்துக்கொண்டு ஓர் அமைச்சகம் காப்பகங்களுக்கு நிதி கேட்டிருக்கலாம். தொழிலாளர் ஆய்வாளர் எந்தத் துறையில் இந்தக் கழிவு பெரிதாக இருக்கிறது என்று தேடிப் போயிருக்கலாம். மாறாக, வேலை கேட்டு வந்த பெண்ணின் கோப்பில் அவளுடைய குறையாக அது பதிந்தது. வெப்பமானி காட்டிய காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல், காய்ச்சல்காரரை வீட்டுக்கு அனுப்பிவைப்பது போல.

கடைசி முடிவு எடுப்பவர் மனித ஆலோசகர்தான், கணினி வெறும் இரண்டாவது கருத்து என்றும் சொல்லப்பட்டது. எல்லா நாட்டிலும் எல்லா நிறுவனமும் சொல்லும் சமாதானம் இது. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, ஆலோசகர்களுக்கு இருக்கும் நேர நெருக்கடியைச் சுட்டிக்காட்டி, இரண்டாவது கருத்து முதல் கருத்தாகிவிடும் என்று எச்சரித்தது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். திரையில் வந்ததை ஏற்றுக்கொண்டால் யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. மாற்றினால்தான் காரணம் எழுத வேண்டும், பின்னால் அது தவறானால் பதிலும் சொல்ல வேண்டும். மனிதத் தலையீடு என்ற ஏற்பாடு இருந்தால் போதாது; தலையிடுபவருக்கு நேரமும் அதிகாரமும் பாதுகாப்பும் வேண்டும்.

2020 ஆகஸ்டில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தத் திட்டத்தைத் தடுத்தது. டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ய, வழக்கு மேல்முறையீடுகளில் ஆண்டுக்கணக்காக நீண்டது. 2021 தொடக்கத்தில் நாடு முழுவதும் வரவிருந்த முறை வரவில்லை. ஒரு துணைச் செய்தி: 2024 ஜனவரியில் ஏஎம்எஸ் தொழில் ஆலோசனை சொல்லும் உரையாடல் செயலி ஒன்றைத் தொடங்கியது. விவரங்கள் ஒன்றாக இருந்தும் ஆண் என்றால் கணினித் துறையையும் பெண் என்றால் பாலினவியல் படிப்பையும் அது சொன்னதை, பயன்படுத்திப் பார்த்தவர்கள் சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கதவை மூடினால் ஜன்னல் வழியாக வரும் விருந்தாளி இது.

எண் யாரைப் பற்றியது என்ற வாதத்துக்கு நான் அறிந்த வலுவான ஆதாரம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. படிப்பை இடையில் நிறுத்தக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க அந்த மாநிலம் 2010களின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் வருகை, மதிப்பெண், தண்டனைப் பதிவு, பள்ளி மாறிய விவரம், இனம், இலவச மதிய உணவு பெறுகிறாரா என்பதையெல்லாம் வைத்து ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொருவருக்கும் ஆபத்தின் அளவை அது கணித்தது. 'தி மார்க்அப்' என்ற செய்தி நிறுவனம் 2023இல் இதைத் தோண்டியது. மாநிலக் கல்வித் துறையின் உள் ஆய்வே சிக்கலைக் கண்டிருந்தது: படிப்பை முடித்துவிடக்கூடிய பிள்ளைகளைத் தவறாக ஆபத்துப் பட்டியலில் சேர்க்கும் விகிதம் வெள்ளையர்களைவிடக் கறுப்பின மாணவர்களுக்கு 42 புள்ளி அதிகம்.

பாரபட்சம் என்று தலைப்பிட்டு இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழு ஒன்று வேறொரு கேள்வி கேட்டது: பத்தாண்டு ஓடிய இந்த அமைப்பால் யாராவது கூடுதலாகப் பட்டம் பெற்றார்களா? ஆபத்து அதிகம் என்று குறிக்கப்பட்டதால் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கூடியதாகக் காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. கணிப்பு மோசம் என்பதல்ல காரணம்; ஆபத்து வரிசையை அது நன்றாகவே கணித்தது. அடுத்து அவர்கள் கண்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒவ்வொரு பிள்ளையின் தனித் தரவையும் விட்டுவிட்டு, பள்ளியையும் மாவட்டத்தையும் பற்றிய பொதுவான விவரங்களை மட்டும் வைத்தாலும் உதவி தேவைப்படுபவர்களை ஏறக்குறைய அதே அளவுக்குச் சரியாகச் சென்றடைய முடியும். படிப்பை நிறுத்தும் ஆபத்து பெருமளவு சில பள்ளிகளில் குவிந்துகிடந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் ஒட்டிய சீட்டு, பள்ளி வாசலில் தொங்க வேண்டிய பலகையின் லட்சம் பிரதிகள்.

எந்தப் பள்ளிகள் என்று அந்த மாநிலத்துக்கு எப்போதோ தெரியும். எண் வந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்யப் பணமும் ஆளும் ஒதுக்காமல் எண்ணைத் துல்லியமாக்கிக்கொண்டே போவதற்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்குக் கொடுக்க வேண்டியது கடன். மாணவருக்குக் கொடுப்பது எச்சரிக்கை. இரண்டாவது மலிவு.

ஒரே வகைத் தரவு எதிரெதிர்த் திசைகளில் போகும் என்பதற்கு இரண்டு அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்கள் சாட்சி. மேரிலாந்திலுள்ள மவுன்ட் செயின்ட் மேரிஸ் என்ற சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 2015இல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். மனச்சோர்வு, பணக் கவலை, படிப்பில் ஊக்கம் ஆகியவை பற்றிய கேள்விகள். உங்களுக்கு உதவத்தான் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. தலைவரின் நோக்கம் வேறு: நிலைக்கமாட்டார்கள் எனத் தோன்றும் இருபது, இருபத்தைந்து பேரை செப்டம்பர் கணக்கெடுப்புக்கு முன்பே வெளியேறச் செய்தால், தக்கவைப்பு விகிதம் ஏறும். தயங்கிய பேராசிரியர்களிடம், இவர்களை முயல்குட்டிகளாகப் பார்க்காதீர்கள், மூழ்கடித்துவிட வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியதை மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் வெளியிட்டது. அடுத்த மாத இறுதியில் அவர் பதவி விலகினார்.

மற்றது அட்லான்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் பெருமளவில் படிக்கும் இடம். 2003ஆம் ஆண்டு நிலவரப்படி, சேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர்கூட ஆறு ஆண்டில் பட்டம் முடிக்காத நிலை. விகிதம் சுமார் 32 சதவீதம். பத்தாண்டு சொச்சத்தில் அது 54 சதவீதமானது; கறுப்பின மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளியும் மறைந்தது. 2012 முதல் சுமார் 800 வகை எச்சரிக்கைக் குறிகளைக் கணினி கவனித்துவருகிறது. பத்திரிகைகள் கணினியைக் கொண்டாடின. நான் கொண்டாடுவது அவர்கள் தரவை எப்படிப் படித்தார்கள் என்பதை. அரசியல் அறிவியலில் முதல் தாளில் ஏ அல்லது பி வாங்கியவர்களில் நான்கில் மூன்று பேர் பட்டம் முடித்தார்கள். சி வாங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான். அதுவரை சி என்றால் தேர்ச்சி, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இனிமேல் அது ஆலோசகர் கூப்பிட வேண்டிய நாள் என்று முடிவெடுத்தார்கள். கூப்பிட ஆள் வேண்டுமே. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். படிப்பில் தடுமாறாமலேயே சில நூறு டாலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படுபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கணக்கில் இருப்பதைப் பார்த்துவிட்டு, 2011 முதல் சிறு மானியம் ஒன்றை நேரடியாக அவர்கள் கணக்கில் வரவு வைத்தார்கள். மாணவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பாக்கிப் பட்டியலை மாணவரின் பொறுப்பின்மை என்று படிக்காமல் தங்கள் வசூல் முறையின் கோளாறு என்று படித்த பல்கலைக்கழகம் அது.

இதைச் சொல்லும்போது ஒரு நிழலையும் சொல்ல வேண்டும். இதேபோன்ற மென்பொருளை வாங்கிய வேறு சில பெரிய பல்கலைக்கழகங்களில் இனமே ஆபத்தைக் கணிக்கும் காரணியாக வைக்கப்பட்டிருந்ததை 'தி மார்க்அப்' 2021இல் வெளிக்கொண்டுவந்தது. அங்கே கறுப்பின மாணவர்கள் ஆபத்துப் பட்டியலில் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். ஆலோசகர் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, கஷ்டமான பாடத்தை விட்டு எளிதானதை எடுத்துக்கொள் என்று ஒரு மாணவியிடம் சொன்னால், உதவி என்ற பெயரிலேயே அவள் மருத்துவராகாமல் போகக்கூடும்.

சட்டங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்றால், அவை வேறொரு வாசலில் காவல் நிற்கின்றன. பிரிட்டனில் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட கற்போரின் பதிவேடு ஒன்றில் 2 கோடியே 80 லட்சம் பேர்வரை இருந்தார்கள். அதைப் பார்க்கும் அனுமதி பெற்றிருந்த ஒரு நிறுவனம், சூதாட்டத் தளங்களில் சேர வருபவர் பதினெட்டு வயதைத் தாண்டியவரா என்று சரிபார்த்துத் தரும் வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தியது. 2022இல் தகவல் ஆணையர் கல்வித் துறையைக் கண்டித்தார். அபராதம் போட்டிருந்தால் ஒரு கோடிப் பவுண்டு வரும், அரசுத் துறை என்பதால் போடவில்லை என்றார். இதுபோன்ற திருட்டைத் தடுக்கத் தனியுரிமைச் சட்டம் வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கி, பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதையும் தடைசெய்கிறது. கல்விச் செயல்பாடு, பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் ஒப்புதல் என்ற கருவியின் எல்லை குறுகியது. ஏ-லெவல் மாணவியிடம் ஒப்புதல் கேட்டிருந்தால் அவளுக்கு ஏ-ஸ்டார் வந்திருக்காது. மாணவர்களுக்குத் தரும் அபார் அடையாள எண்ணுக்காக வகுப்பாசிரியர் நீட்டும் படிவத்தில், விருப்பம் உள்ளவர்கள் மட்டும் என்று எழுதியிருந்தாலும், கட்டட வேலைக்குப் போகும் அம்மா கையெழுத்து மறுப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வியின் தரவுத்தளமான எமிஸின் பெயரைச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பாடம் நடத்த வேண்டிய நேரம் பதிவேற்றத்தில் போகிறது என்பது அவர்களின் நீண்டகாலப் புகார், நியாயமான புகார். ஆனால் அந்தத் தரவிலிருந்து பிறந்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களைத் தேடி அழைத்து, 'உயர்வுக்குப் படி' முகாம்களில் கல்லூரி, வங்கி, சான்றிதழ் தரும் அலுவலர் ஆகியோரை ஒரே இடத்தில் உட்கார வைத்தார்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காததும் கல்விக் கடனுக்கு யாரை அணுகுவது என்று தெரியாததும் மாணவரின் திறனைப் பற்றிய தகவல்கள் அல்ல, அரசு அலுவலகங்களைப் பற்றியவை என்ற புரிதல் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு 2020இல் வந்தது. நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாநிலத்தின் மாணவர்களில் பத்தில் நான்கு பேர் அந்தப் பள்ளிகளில்தான் படித்தார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தகுதி போதவில்லை என்று படிக்கலாம். அப்படிப் படித்தவர்களும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி பொ.கலையரசன் தலைமையிலான ஆணையம் வேறுவிதமாகப் படித்தது. வீட்டுச் சூழல், பள்ளி வசதி, பயிற்சி மையத்துக்குக் கொடுக்கும் பணம் எல்லாவற்றிலும் இரு தரப்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, 10 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அரசு 7.5 சதவீதம் என்று சட்டம் இயற்றியது. அந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து சுமார் நானூறு இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது நீண்டது.

சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தச் சட்டத்தை ஏற்றது. கூடவே ஐந்து ஆண்டில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தி இந்த ஒதுக்கீட்டை மேலும் நீட்டிக்கத் தேவையில்லாத நிலையைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது. மறுஆய்வின்போது எந்தத் தரவு மேசைக்கு வரும் என்பதில்தான் என் கவனம் இருக்கிறது. ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை தாளில் தோற்றார்கள், மற்றவர்களைவிட எவ்வளவு பின்தங்கினார்கள் என்ற பட்டியல் தயாரிக்க எளிது. கல்லூரிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீதிமன்றம் கேட்டது அதையல்ல. எத்தனை மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியலுக்கு முதுநிலை ஆசிரியர் பணியிடம் காலியாகவே இருந்தது, எத்தனை மாதம் இருந்தது, எந்த மாவட்டங்களில், ஆய்வகம் திறந்தே இராத பள்ளிகள் எவை என்ற பட்டியலும் எமிஸின் அதே கணினிகளிலிருந்து எடுக்கக்கூடியதுதான். அதை யார் கேட்கப் போகிறார்கள், கேட்டால் மாவட்டவாரியாகப் பொதுவில் வைப்பார்களா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.